நீலக் கைப்பிடி வாளி

ஒன்பது வாளிகளோடு அப்பா மூன்றாவது மாடிக்குக் குடிபோன கதையைப் போன வாரம் சொன்னேன். "உங்கப்பாவுக்கு இவ்வளவு ரோஷமா?" என்று கேட்டு எழுதியவர்களுக்கு ஒரே பதில்தான். ரோஷம் இல்லை, கொழுப்பு. மகள் நான் சொல்லலாம், தப்பில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. போன இலையுதிர்காலத்தில் பியாரே வட்டாரத்தில் எங்கள் பண்ணை என் பெயருக்கும் என் கணவன் ஹோகன் பெயருக்கும் மாறியது. மார்ச் மாதம், வீட்டை ஒட்டிய வயலில், அப்பா நாற்பது வருஷமாக நட்டுவந்த நீள வெள்ளை உருளைக்கிழங்கை விட்டுவிட்டு, மண்டிக்காரர்கள் கேட்கிற உருண்டை மஞ்சள் கிழங்கை ஹோகன் நட்டான். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கொட்டகையிலிருந்து தன் விதைக்கிழங்கில் பாதிப் பெட்டியையும் ஒன்பது கொத்தனார் வாளிகளையும் எடுத்துக்கொண்டு, போஸ்டாட் ஊருக்குள் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஹோகனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"உன் கிழங்கு ஒண்ணுகூட என் தொண்டையில இறங்காது, மாப்பிள்ளை. நடுக்கோடைத் திருநாளுக்கு வந்தா என் கிழங்கோட வருவேன். அது இல்லைன்னா நானும் இல்லை."

"வாளியில விவசாயமா?" என்று ஹோகன் சிரித்துத் தொலைத்தான். அந்தச் சிரிப்புக்காக அப்பா மூன்று மாதமாகப் பண்ணைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைக்கு அந்தத் திருநாள்.

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகுதான் திருநாள் கிழங்கு மண்ணை விட்டு வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் தோண்டுவது, விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது, எல்லாம் தப்பு. அதனால் அப்பாவின் வாளிக்குள் என்ன இருக்கிறது என்று மத்தியானம் வரை யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் அப்பாவை எனக்குத் தெரியும். இந்த வருஷம் வராமல் விட்டால், இனி எந்த வருஷமும் வரமாட்டார்.

ஆறு மணிக்கு எழுந்து, எங்கள் சாலையோரச் சாவடியில் அன்றைய கிழங்குப் பைகளை அடுக்கினேன். ஆளில்லாத சாவடிதான். வேண்டியவர்கள் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அடுக்கி முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு நேராக அப்பா வீட்டுக்குப் போனேன்.

சாவி ஒன்று என்னிடம் உண்டு. உள்ளே அப்பா இல்லை. சமையலறை மேசையில் ஒரு சீட்டு கிடந்தது. "ஹெர்ரிங் மீன் வாங்கப் போகிறேன். நீ வந்தால் எதையும் தொடாதே."

தொடாதே என்று எழுதிவைத்தால் நான் தொடுவேன் என்பது எழுபத்து நாலு வயது மனிதருக்குத் தெரிய வேண்டாமா?

பால்கனிக் கதவைத் திறந்தேன். அடேயப்பா! கம்பிக்கு மேலே ஒரு முழம் எழும்பி நின்றன செடிகள். இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. முன்பருவக் கிழங்குச் செடி முழங்காலைத் தாண்டக் கூடாது. இது என் மார்பு வரை நிற்கிறது. இலையே இப்படித் தின்று கொழுத்தால் கிழங்குக்கு என்ன மிச்சம்?

முதல் வாளியின் ஓரமாக விரல்களை விட்டேன். வேரை அறுக்காமல் தடவிப் பார்ப்பது எனக்கு ஐந்து வயதிலேயே கைவந்தது. வேர் இருந்தது. ஈரம் இருந்தது. பட்டாணி அளவில் இரண்டு உருண்டை விரலில் தட்டுப்பட்டன. அவ்வளவுதான். இரண்டாவது வாளியில் அதுகூட இல்லை. மூன்றாவது, அறுந்த கைப்பிடிக்குப் பதிலாக அப்பா நீல நைலான் கயிறு கட்டிய வாளி. அதிலும் ஒன்றுமில்லை. ஒன்பது வாளியையும் துழாவிவிட்டுக் கையை வெளியே எடுத்தேன். கையில் குதிரை லத்தியும் கடற்பாசியும் கலந்த உரம் நாறியது.

அந்த நாற்றத்தில்தான் விஷயம் புரிந்தது. எங்கள் பியாரே மண் மணல். போடுகிற உரத்தில் பாதியை மழை கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் எதையும் இரண்டு பங்காகத்தான் போடுவோம். அப்பாவின் கை அதே கணக்கில் வாளியிலும் அள்ளிப் போட்டிருக்கிறது. வாளியிலிருந்து எது எங்கே கரைந்து போகும்? நாற்பது வருஷம் கிழங்கு விளைவித்த மனிதர், ஒன்பது வாளி இலை விளைவித்திருக்கிறார்.

"யாரது மேல? இங்கேலாவா?" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டாவது மாடி மாய்பிரித் அம்மா, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க. வணக்கம்."

"என்ன வணக்கம்? உங்கப்பா விடுற தண்ணி என் காபிக்குள்ள சொட்டுது. அதாவது போகட்டும். தினமும் காலையில ஆறு மணிக்கு டொம்மு டொம்முன்னு ஒன்பது தடவை. ஒவ்வொரு வாளியாத் தூக்கித் தூக்கி வைக்கிறார். என்னம்மா வேண்டுதல் இது?"

"வெயில் பக்கமாத் திருப்பி வைப்பாருங்க."

"இன்னைக்குத்தான் சத்தமே இல்லை. அஞ்சு மணிக்கே சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். அதுக்காகவாவது திருநாள் வாழ்த்துகள்!"

நான் அதையெல்லாம் காதில் சரியாக வாங்கவில்லை. ஹோகனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். அறுவடை மெஷின் சத்தத்துக்கு நடுவில் எடுத்தான்.

"என்ன இங்கா?" என்றான். இங்கேலாவை அவன் சுருக்கிக் கூப்பிடுவது அப்படித்தான்.

"வாளியில ஒண்ணுமே இல்லை."

"என்னது?"

"கிழங்கு இல்லை! ஒன்பதுலயும் இல்லை! சிரிச்சேன்னு வை, இன்னைக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது."

அவன் சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வருவாரா? மத்தியானம் எல்லார் முன்னாலயும் கவுத்துட்டு நிக்கப் போறார். உங்கக்கா வேரா வேற வர்றாங்க. அவங்க வாய்க்கு இது அல்வா."

"சரி, நம்ம கிழங்குல ரெண்டு கிலோ கொண்டாரவா? புதைச்சுடு."

"உனக்கு மூளை இருக்கா? உருண்டையா, மஞ்சளா! அப்பா கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிப்பார்."

 அவன் தொண்டையைச் செருமினான்.

"கொட்டகைக்குப் பின்னால ஒரு வரிசை இருக்கு."

"என்ன வரிசை?"

"அவரோட வெள்ளைக் கிழங்குதான். அவர் பாதிப் பெட்டியைத்தானே எடுத்துட்டுப் போனார். மீதியை எறிய எனக்கு மனசு வரலை. நட்டுட்டேன்."

"மூணு மாசமா எங்கிட்டக்கூடச் சொல்லாம!"

"உங்கிட்டச் சொன்னா அவர்கிட்டச் சொல்லிடுவே. அப்புறம், 'பாத்தியா, என் கிழங்கு இல்லாம உன்னால முடியலை'ன்னு ஊர் பூராவும் தம்பட்டம் அடிப்பார். வேணாம் சாமி."

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. "சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இருபத்தைந்து நிமிஷத்தில் மாடிப்படியில் நின்றான். தொப்பியெல்லாம் மண். கையில் துணிப்பை.

"கழுவலை, மண்ணோட இருக்கு. தோல் உரிஞ்சுடாமப் புதை."

"எனக்கே சொல்லித் தர்றியா? போ, போ, அப்பா வந்துடுவார்."

நீலக் கைப்பிடி வாளியில், வேருக்கு நாலு பக்கமும் குழி பறித்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். நீளமாக, வெள்ளையாக, விரல் பட்டாலே தோல் உரிகிற இளசு. மேலே மண்ணைத் தட்டிச் சமன் செய்தேன். கையைக் கழுவித் துடைப்பதற்குள் வாசல் கதவு திறந்தது.

அப்பா உள்ளே வந்தார். முகம் சிவந்து, சட்டை வேர்த்து, முதுகில் பெரிய பை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு சீக்கிரமா எதுக்கு வந்தே?"

"வாளியைக் கீழே இறக்க ஒரு கை வேணாமா?"

"என் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஹெர்ரிங் கிடைச்சுதா?"

"என்ன ஹெர்ரிங்?" என்றார். பிறகு மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்தார். "ஓ, அதுவா. கூட்டம். தீந்துபோச்சு. நீ காபி போடு, நான் செடிக்குத் தண்ணி விட்டுட்டு வர்றேன்."

முதுகுப் பையைக் கழற்றாமலேயே பால்கனிக்குப் போனார். போனவர் கதவைச் சாத்தினார். திரையையும் இழுத்துவிட்டார்.

"எதுக்குப்பா கதவைச் சாத்துறீங்க?"

"நாத்தம் உள்ள வரும்!"

மூன்று மாதமாக வராத நாற்றம் இன்றைக்கா வரும்? காபிப் பொடியை இரண்டு தடவை அளந்தேன். மண் கலைந்திருப்பதை அவர் கண்டுபிடித்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் பத்துப் பொய் தயார் செய்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

டொம். ஒரு வாளியைத் தூக்கி வைத்தார். டொம். அடுத்தது. மூன்றாவது சத்தம் வரவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு மெதுவாக ஒரு டொம். அதற்கப்புறம் ஏதோ பிறாண்டுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கீழேயிருந்து மாய்பிரித் அம்மாவின் திட்டு.

உள்ளே வந்து நெடுநேரம் கை கழுவினார். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"கடைசி வாளியை எடுத்துட்டுப் போகலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கடைசி எதுக்குப்பா? அந்த நீலக் கைப்பிடி வாளிதான் செழிப்பா இருக்கு. அதை எடுத்துக்கலாம்."

"செழிப்பைப் பாத்தா கிழங்கைத் தீர்மானிக்கிறே? எந்த வாளியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். தூக்க அதுதான் சுலபம், கயிறு இருக்கு..."

"இங்கேலா." அப்பா என் பெயரை அந்த மாதிரி சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "கடைசி வாளி."

மத்தியானம் நெருங்கியதும் கிளம்பினோம். காரில் அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செடி அவர் முகத்தை மறைத்துக்கொண்டு கார்க் கூரையை முட்டியது. எனக்கோ ஓட்டுகிற சாலை தெரியவில்லை. அந்த வாளியை நான் காலையிலேயே துழாவியிருக்கிறேன். அதற்குள் ஒன்றுமில்லை. வெறும் வாளியைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் தன் மானத்தைத் தொலைக்கப் போகிறார், நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன்.

"அப்பா, இன்னைக்குக் கிழங்கு இல்லாமலே வந்தா என்னப்பா? நான் கூப்பிடுறேன். பத்தாதா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

பண்ணையில், திருநாள் ஆட்டத்துக்கு நடுகிற கம்பத்துக்கு இலையும் பூவும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் திருநாள் மழை இல்லாமல் என்றைக்கு நடந்திருக்கிறது? ஹோகனின் அக்கா வேரா ஸ்ட்ராபெர்ரி கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா காரை விட்டு இறங்கினார். வீட்டை ஒட்டிய வயல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"வாங்க மாமா" என்றான் ஹோகன். கையை நீட்டுவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்திவிட்டான்.

"வந்துட்டேன் மாப்பிள்ளை. தண்ணி கொதிக்குதா?"

"கொதிக்குது."

"எவர்ட் மாமா!" என்று அப்பாவைப் பார்த்து வேரா கூவினார். "வாளி விவசாயம் எப்படி? செடி மரமால்ல வளர்ந்திருக்கு! காய் பறிக்க ஏணி வேணுமோ?"

"உனக்கு வாய் வளர்ந்த அளவுக்கு வளரலை வேரா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஹோகனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அது இல்லை. வேற வாளி. இதுல ஒண்ணும் இல்லை" என்று அவன் காதில் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. வாளியை எப்படியாவது தட்டிவிடலாமா, மழை வருகிறது என்று எல்லோரையும் உள்ளே துரத்தலாமா என்றெல்லாம் ஓடியது எனக்கு. எதையும் செய்ய நேரம் இல்லை. அப்பா புல் மேல் பழைய படுதாவை விரித்து, வாளியை அதன் நடுவில் வைத்து, செடியைத் தண்டோடு பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டார்.

கிழங்கு உருண்டது.

ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து. உருண்டையாக. மஞ்சளாக. ஒன்றில்கூட வேர் ஒட்டியிருக்கவில்லை. பால்கனியின் கறுப்பு உரமண்ணுக்கு நடுவில், அந்தக் கிழங்குகளின் மேல் மட்டும் எங்கள் வயலின் சாம்பல் மணல் ஒட்டியிருந்தது. பியாரேயில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அது யாருடைய கிழங்கு என்று.

"அட, இது நம்ம ஹோகனோட..." என்று வேரா ஆரம்பித்தார். ஹோகன் அவர் காலை நன்றாக மிதித்தான்.

 நான் அப்பாவைப் பார்த்தேன். தாடையை உயர்த்திக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. அஞ்சு மணிக்கே எடுத்த சைக்கிள். கிடைக்காத ஹெர்ரிங். கழற்றாத முதுகுப் பை. நான் சாவடியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே பஸ் நிழற்குடைக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இவர் நின்றிருக்க வேண்டும். மகள் கிளம்பட்டும் என்று காத்திருந்து, சொந்தப் பண்ணையின் சாவடியில் யாரோ வழிப்போக்கன் மாதிரி ஒரு பையை எடுத்துக்கொண்டு, திரும்ப எட்டுக் கிலோமீட்டர் மிதித்திருக்கிறார்.  அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதிருந்தால் கொன்றிருப்பார்.

எல்லாம் இப்போது ஹோகன் கையில் இருந்தது. மூன்று மாதமாக அவனை ஊர் முன்னால் அவமானப்படுத்திய மனிதர் அவனுடைய கிழங்கைத் திருடாத குறையாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை போதும். ஒரு சிரிப்பு போதும்.

ஹோகன் மண்டியிட்டான். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் மணலைத் துடைத்தான்.

"நல்ல கிழங்கு மாமா" என்றான். "வாளியில இவ்வளவு வரும்னு நான் நினைக்கலை."

அப்பா அவனை ஒரு கணம் பார்த்தார். "நானும்தான்" என்றார். "எடுத்துட்டுப் போய்க் கழுவு. தண்ணி வத்திடும்."

சதகுப்பைக் கீரையும் உப்பும் போட்டு வேகவைத்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தேன். எல்லோர் கையிலும் முள்கரண்டி. ஒருவரும் தொடவில்லை. அப்பா ஒன்றை எடுத்தார், பிட்டார், ஊதினார், வாயில் போட்டார். மெல்லுகிறார், மெல்லுகிறார், விழுங்கவே மாட்டேன் என்கிறார். என் இடது கால் மேசைக்கு அடியில் தானாக ஆடியது.

விழுங்கினார்.

"வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பா ஐந்து கிழங்கு சாப்பிட்டார், நான் எண்ணினேன். ஆறாவதை எடுக்கும்போது, "கொஞ்சம் சப்புன்னு இருக்கு, பரவாயில்லை" என்றார். ஹோகனுக்கு இந்தக் குடும்பத்தில் பதினெட்டு வருஷத்தில் கிடைத்த பெரிய பாராட்டு அது. அவன் காதுவரை சிரித்தான். வேரா மட்டும் காலைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் புரியலை, ஆனா நல்லா இருக்கு" என்றார். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கம்பத்தைச் சுற்றித் தவளை மாதிரிக் குதிக்கிற தவளை ஆட்டம் ஆடினோம். அப்பாவும் ஆடினார். முட்டி வலிக்கிறது என்று நாலு குதியோடு நிறுத்திக்கொண்டார்.

ஐந்து மணிக்கு அவரை வீட்டில் விடக் கிளம்பினேன். காலி வாளியை ஹோகனே கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தான்.  சாவடியைத் தாண்டும்போது அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பப்பா தெரியும், வாளியில ஒண்ணும் இல்லைன்னு?"

"மே மாசமே. தினமும் தூக்கிப் பாப்பேன்ல. கிழங்கு பிடிச்சா வாளி கனக்கணும். கனக்கலை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட சொல்ல? அங்க நானும் வாளியும்தானே." வைப்பர் போய்வருவதைப் பார்த்தார். "உங்க மேசைக்கு வராம என்னால இருக்க முடியாதுன்னு நேத்துதான் ஒத்துக்கிட்டேன். பாக்குறவங்க பாத்துச் சிரிக்கட்டும்னுதான் அவன் கிழங்கை எடுத்துட்டு வந்தேன். வந்து புதைக்கிறதுக்கு முன்னால, பழக்க தோஷத்துல ஒவ்வொண்ணாத் தூக்கினேன். மூணாவது வாளி கனத்துச்சு."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"நேத்து வரைக்கும் லேசா இருந்த வாளி. விரலை விட்டுப் பாத்தேன். நீளமா ஒண்ணு தட்டுப்பட்டுது. அந்த விதை என்கிட்ட இருந்தது, கொட்டகையில மீதி இருந்தது. என்கிட்ட விளையலை. அப்போ யார் நட்டிருப்பான்?"

"அப்பா, நான் வந்து..."

"நீ பொய் சொல்லாதே, உனக்கு வராது."

"அப்போ அந்த வாளியையே கொண்டுவந்திருக்கலாமே! நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கவுத்திருக்கலாமே!"

"கவுத்திருக்கலாம். அவன் காப்பாத்தி வெச்ச கிழங்கைக் கொட்டி அவனையே ஜெயிச்சிருக்கலாம்." அப்பா கண்ணாடியைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்தார். "அவன் என் கிழங்கை நடுறான், நான் அவன் கிழங்கை ஒரு வாய் தின்னா என்ன குறைஞ்சா போயிடுவேன்?"

 மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாலு அடி போய்விட்டு, மழையில் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையை வரச் சொல்லு. நீலக் கைப்பிடி வாளி அவனுக்குத்தான் காத்திருக்கு. அவனே கவுக்கட்டும். தண்ணியை நான் கொதிக்க வெச்சிருக்கேன்."

"சொல்றேன்பா!"

"அப்படியே அந்த வரிசை எத்தனை அடி நீளம்னு கேட்டு வை. ஒண்ணையும் சாப்பிட்டுத் தீத்துடாதீங்க. பூராவும் விதைக்கு வேணும்."

"எந்த இடத்துக்குப்பா விதை?"

"எந்த இடத்துக்கா? வீட்டை ஒட்டின வயல்ல பாதி எனக்கு. மார்ச்சு மாசம் நானே வந்து நடுவேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார். முட்டி வலி எங்கே போயிற்றோ. அந்த வயல் முழுவதிலும் அடுத்த வருஷமும் மஞ்சள் கிழங்கே நடுவதாக மண்டிக்காரருக்கு ஒப்புக்கொண்டு ஹோகன் போன வாரம்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

காரில் உட்கார்ந்தபடியே அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அப்பா உன்னை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுறார்."

"என்னையா?" என்றான். "என்னையா கூப்பிட்டார்? அவரேவா?" அவன் குரல் உடைந்ததை நான் கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை. "வேற என்ன சொன்னார் இங்கா?"

பால்கனியில் அப்பா தெரிந்தார். மழையோடு மழையாக நீலக் கைப்பிடி வாளியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணும் சொல்லலை" என்றேன்.